ஆறிய ரசம்

கண்ணா,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பெங்காலியில் எழுதினால் மடமடவென்று படித்துவிடுவாய். ஆங்கிலத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலால் தள்ளிவிட்டு 'ஓகே மா' என்று பதில் போட்டுவிடுவாய். அதனால்தான் தமிழில், அதுவும் தாளில் எழுதுகிறேன். ஒவ்வொரு வரியிலும் நீ கொஞ்சம் நின்று நின்று போக வேண்டும். ஓய்வு பெறும்வரை எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் உயிரியல் நடத்தியவள் எழுதுவது, நடுவில் பாடம் வரும். சின்ன வயதில் சாப்பாட்டு மேஜையில் பொறுத்துக்கொண்டாயே, அதுபோல இதையும் பொறுத்துக்கொள்.

அப்பா நன்றாக இருக்கிறார் என்று எழுத முடியாது. மோசமாக இருக்கிறார் என்றும் எழுத முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை முதல்முறையாக அவருக்குக் கீமோ மருந்தை நரம்பில் ஏற்றப் போகிறார்கள். அதற்கு நீ புனேயிலிருந்து வருகிறாயா என்று போனில் கேட்டேன். "நீங்களே பாத்துக்கோங்கம்மா. நான் வந்தா இன்னும் ஏதாவது தப்புதான் பண்ணுவேன்" என்றாய். உன் குரலில் ஒன்றுமே இல்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்பவன் குரல் மாதிரி இருந்தது. போனை வைத்த பிறகு எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஊற வைத்த பாத்திரங்கள் கிடந்தன, தேய்க்கப் போய்விட்டேன். தேய்த்து முடித்துக் கவிழ்க்கும்போதுதான், இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

இந்த மரத்துப்போன நிலை எனக்கு எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். அப்பாவின் ஆபரேஷன் அன்றுதான். பைபாஸ் ரோட்டோரத்து மருத்துவமனையில் நீயும் நானும் அந்த நீல நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வெளியே வந்து ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். கணையத்தின் தலைப்பக்கத்தை எடுத்தாயிற்று, கட்டி அங்கேதான் இருந்தது, கூடவே பித்தப்பையும் முன்சிறுகுடலும் போயிற்று, மிச்சத்தை இப்படி இப்படி ஒட்டியிருக்கிறோம் என்றார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவர் பித்தநாளத்தைத் தப்பான பக்கத்தில் வரைகிறாரே, என் பிள்ளைகள் வரைந்தால் அரை மார்க் குறைப்பேனே என்று நினைத்தேன். புருஷன் உள்ளே வயிறு தைக்கப்பட்டுக் கிடக்கிறான், இவள் படத்துக்கு மார்க் போடுகிறாள். பல் பிடுங்கின அன்றைக்குக் கன்னம் நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, கடித்தாலும் தெரியாதே, அப்படித்தான் அன்றிலிருந்து நான் முழுக்க மரத்துப்போய் இருக்கிறேன். வாய்கூட வறண்டுவிட்டது. என்ன சாப்பிட்டாலும் பஞ்சை மெல்வதுபோல இருக்கிறது. கவலையில் எச்சில் சுரப்பது குறையும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, தண்ணீர் குடித்து விழுங்குகிறேன்.

எச்சிலில் ஆரம்பித்தாயிற்று, பாடத்தை முடித்துவிடுகிறேன். சோறு வாய்க்குள் போனதுமே எச்சில் அதிலுள்ள மாவுச்சத்தை உடைக்க ஆரம்பிக்கிறது. வயிற்றில் அமிலம் இருக்கிறது, பருப்பையும் மற்ற புரதத்தையும் பிரிக்கிற நொதி இருக்கிறது. கல்லீரலிலிருந்து வருகிற பித்தநீர் நெய்யையும் எண்ணெயையும் பொடிப்பொடித் துளியாக்கிக் கொடுக்கும். ஆனால் பெரிய வேலை எல்லாம் கணையத்துடையதுதான். வீட்டில் யாருடைய கண்ணிலும் படாமல் அடுப்படியில் நிற்கிற ஆள் மாதிரி, வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் கரைக்கிற சாற்றை அதுதான் அனுப்புகிறது. அந்தச் சாறு வரவில்லை என்றால் மனிதன் வாய் நிறையச் சாப்பிடுவான், வயிறும் நிறையும், உடம்பில் ஒன்றும் சேராது. சாப்பிட்டதெல்லாம் அப்படியே வெளியே போய்விடும். சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடப்பான்.

அப்பா அப்படித்தான் கிடந்தார். அதற்குத்தான் அந்தக் காப்ஸ்யூல் கொடுத்தார்கள், உள்ளே குட்டிக்குட்டி மணிகளாக, வெளியிலிருந்து வாங்கிய கணையச் சாறு. குழாய் போட்டு எடுத்த தொண்டையில் அவருக்கு அது இறங்கவில்லை. நீதான் நர்ஸைக் கேட்டாய். திறந்து, குழைவான சாப்பாட்டில் கலந்து, மெல்லாமல் விழுங்கச் சொல்லுங்கள் என்று அவள் சொன்னாள். அவள் மனதில் என்ன இருந்திருக்கும்? மசித்த வாழைப்பழமோ, பப்பாளிக் கூழோ இருந்திருக்கும். நம் வீட்டில் நோயாளிக்குக் குழைவான சாப்பாடு என்றால் வேறு என்ன? ரசம் சாதம். ரசம் சாதம் என்றால் ஆவி பறக்க வேண்டும். அதுவும் உன் அப்பாவுக்கு. துறைமுகத்தில், கித்திர்பூர் டாக்கில் வேலை பார்த்த காலமெல்லாம் மத்தியானம் கேரியரில் விறைத்துப்போன சோற்றைத் தின்றவர். வீட்டுக்கு வந்தால் எல்லாம் கொதிக்க வேண்டும், காபி நாக்கைச் சுட வேண்டும். தட்டைத் தொட்டுப் பார்த்து, சூடு போதாது என்றால் ஒரு வார்த்தை பேசமாட்டார், என் பக்கம் தள்ளிவைப்பார். நான் எழுந்து போய்ச் சுடவைத்துக் கொண்டு வருவேன். கல்யாணம் ஆன நாள் முதல் இப்படித்தான்.

நீ லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். செக்டர் ஃபைவ் ஆபீஸில் லேப்டாப்பைத் தவிர வேறெதையும் தொடாத உன் கை, சோற்றை எப்படிப் பிசைந்தது என்று நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒரு பருக்கை தெரியாது. காப்ஸ்யூலை மெதுவாகத் திருகித் திறந்து, மணி ஒன்றுகூடக் கீழே சிந்தாமல் தூவி, நான் அடுப்பிலிருந்து கொண்டுவந்த ரசத்தை மேலே ஊற்றி, இன்னொரு தடவை கலந்து, ஊதி ஊதிக் கொடுத்தாய். அப்பா "இன்னும் கொஞ்சம் சூடா" என்பார், நான் இன்னொரு கரண்டி கொண்டுவருவேன். நம் மூன்று பேருக்கும் அந்த நேரம் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். வியாதி வந்த பிறகு வீட்டில் ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அதுதான்.

அப்புறம் அந்த டயட்டீஷியன் பெண்ணின் அறை. எடை ஏறட்டும், ஏறினால்தான் மருந்து ஏற்ற முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெஷினில் நிறுத்தினால் ஏறவில்லை, போன தடவையைவிட இறங்கியிருந்தது. நன்றாகத்தானே சாப்பிடுகிறார் என்று நான் சொன்னேன். காப்ஸ்யூலை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று அவள் பெங்காலியில் கேட்டாள். நீதான் பதில் சொன்னாய், ரசம் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கினாய், மெல்லிசான டால் மாதிரி, புளிப்பாக இருக்கும் என்றாய். "கொரோம்?" என்று கேட்டாள், சூடாகவா என்று. "கூப் கொரோம்" என்றாய், நன்றாகக் கொதிக்கக் கொதிக்க. பெருமையாகவே சொன்னாய். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். திட்டவில்லை, பாவம், மெதுவாகத்தான் சொன்னாள். சூட்டில் அந்த மணிகள் கெட்டுப்போகும், அப்படிக் கொடுத்தால் கொடுக்காத மாதிரிதான் என்றாள். உன் முகத்தை நான் பார்த்தேன். பார்த்ததும் என் கை உன் தோளுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, மடியிலேயே கிடந்தது. வீட்டுக்கு வந்து நீ, உனக்கு வந்திருந்த புனே வேலைக்குச் சரி என்று மெயில் அனுப்பினாய்.

சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் உன்னை ரயில் ஏற்ற வந்தேனே, அன்றைக்கும் நான் உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கினாயா, சார்ஜர் எடுத்தாயா, அவ்வளவுதான். நீ ஜன்னல் வழியாக, "அப்பாவுக்கு நான்தான் இப்படிப் பண்ணிட்டேன்ல?" என்று கேட்டாய். ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. நகராமல் நின்றிருந்தாலும் அன்று என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து அவருக்குக் கஞ்சி வைத்தேன்.

இப்போது பதில் இருக்கிறது. நீயே சின்ன வயதில் அதை என்னிடம் வாங்கியிருக்கிறாய். நாம் டாக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, மறுநாள் வகுப்பில் செய்துகாட்ட வேண்டிய சோதனையை வீட்டில் ஒத்திகை பார்ப்பேன். இரண்டு சோதனைக் குழாயிலும் நீதான் துப்புவாய், அதில் உனக்கு ஏக சந்தோஷம், காறிக்காறித் துப்புவாய். ஒன்றை அப்படியே விட்டுவிடுவேன், இன்னொன்றைக் கொதிக்கவைப்பேன். இரண்டிலும் கஞ்சித்தண்ணீர் ஊற்றி, பொறுத்திருந்து, அயோடின் சொட்டுவிடுவேன். சும்மா விட்ட எச்சில் மாவை எல்லாம் கரைத்திருக்கும், நிறம் மாறாது. கொதித்த எச்சில் ஒரு வேலையும் செய்திருக்காது, குழாய் கறுநீலமாகிவிடும். நீ அந்த நீலக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாய். "அம்மா, இதுவும் என் எச்சில்தானே, இது என்ன தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டாய். "ஒரு தப்பும் பண்ணலடா. அது மேல சூடு பட்டுடுச்சு, அவ்வளவுதான்" என்றேன்.

நொதி செத்துப்போயிற்று என்று பிள்ளைகள் எழுதினால் நான் திருத்துவேன். நொதிக்கு உயிர் கிடையாது, சாவதற்கு. சூட்டில் அதன் மடிப்பு குலைந்துபோகும், வேலை செய்யத் தெரியாமல் போகும். இதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியவள்தான் அடுப்பில் ரசத்தைக் கொதிக்கவைத்து உன் கையில் கொடுத்தாள். கண்ணெதிரே ஆவி பறந்தது. எனக்கு அந்தக் குழாய் ஞாபகத்துக்கே வரவில்லை. பள்ளிக்கூடத்து எச்சில் வேறு, வீட்டு ரசம் வேறு என்று மூளை தனித்தனியாகப் போட்டு வைத்திருக்கிறது போல. இதை உன் பாரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். சூடாகக் கேட்டவர் அவர், கொதிக்கவைத்தவள் நான், கலந்தவன் நீ. அந்தச் சாப்பாட்டில் மூன்று பேர் கையும் இருந்தது, நீ மட்டும் தூக்கிக்கொண்டு புனேவுக்குப் போய்விட்டாய்.

அம்மா என்ற முறையில் ஒரே ஒரு புத்திமதி. வயிற்று அமிலம் எவ்வளவு கடுமையானது என்றால், அதே வயிற்றையே தின்றுவிடும். தின்னாமல் இருப்பதற்கு உள்ளே வழவழவென்று ஒரு படலம் இருக்கிறது, உள்ளே விழுகிற சாப்பாடும் இருக்கிறது. வெறும் வயிற்றில் விட்டால் எரியும். நீ இப்போது அங்கே அந்த ஒற்றை அறையில் செய்வது அதுதான். ஆபீஸ் விட்டு வந்து, நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்து, வெறும் வயிற்றில் எரியவிடுகிறாய். குற்ற உணர்ச்சி கெட்டது என்று நான் சொல்லமாட்டேன், அமிலம் கெட்டது என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும். அதற்குப் போட ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். வேலை கொடு. அந்த வேலை இங்கே சால்ட் லேக்கில், இந்த வீட்டில்தான் இருக்கிறது.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். காப்ஸ்யூல் திறந்து கலப்பதை நான் செய்ய ஆரம்பித்தேன். சாதத்தையும் ரசத்தையும் நன்றாக ஆறவிட்டு, விரலால் தொட்டுப் பார்த்து, பிசைந்து கொண்டுபோய் வைத்தேன். வழக்கம்போல அவர் தட்டைத் தொட்டுப் பார்த்தார். என் பக்கம் தள்ளுவார் என்று நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். தள்ளவில்லை. ஒரு வாய் வைத்தார், முகம் கோணியது. "கல்லு மாதிரி இருக்கு" என்றார். அடுத்த வாய் எடுத்தார். முழுத் தட்டையும் சாப்பிட்டார். மறுநாளும் சாப்பிட்டார். ஆறின சோற்றை இந்த மனிதர் இந்த வீட்டில் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. கித்திர்பூர் கேரியர் மறுபடி வந்துவிட்டது, இந்தத் தடவை ரிட்டயர்மென்ட் கிடையாது என்று நான் கிண்டல் செய்தேன், அதற்குக்கூட முறைக்கவில்லை. இந்த வாரம் மெஷினில் நிறுத்தினார்கள். எடை ஏறியிருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தனை நாள் அந்த மணிகள் கெட்டுப்போனதால் என்ன நஷ்டம் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாதும்மா என்றார். அவருக்கே தெரியாததை நீ தீர்ப்பாக எழுதி வைத்துக்கொள்ளாதே.

நேற்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

"அவன் எதுக்கு ஓடினான்?"

"தன்னாலதான் உங்களுக்கு எடை இறங்கிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்."

"சூடா கேட்டது நானு. அவன் ஆறவெச்சுக் குடுத்திருந்தா நான் சாப்பிட்டிருப்பேனா? தட்டைத் தள்ளிருப்பேன்."

"அத அவன்கிட்ட சொல்லுங்க."

தட்டில் ஒரு கட்டியை விரலால் நசுக்கிக்கொண்டிருந்தார்.

"நீ பெசஞ்சா கட்டி கட்டியா இருக்கு" என்றார். "தொண்டையில நிக்குது. வெள்ளிக்கிழம ஆஸ்பத்திரியில நாள் பூரா இருக்கணும். சோறு குடுக்க அவன வரச் சொல்லு."

நான் விடாமல், "அவன் வந்து தப்பா ஏதாவது பண்ணிட்டா?" என்று கேட்டேன். நீ என்னிடம் சொன்ன அதே வார்த்தையைத்தான் கேட்டேன்.

"பண்ணட்டும்" என்றார். "அவன் கையால பண்ணட்டும்."

உன் அப்பா இப்படி ஒரு வாக்கியம் பேசுகிறவர் இல்லை என்று உனக்குத் தெரியும். சொல்லிவிட்டு மோர் கேட்டார். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. மோரை ஊற்றினேன், அதுவும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெகுநேரம் வெளியில் வைத்த மோர்தான்.

இன்னொரு பாடம் விட்டுப்போயிற்று, அதைச் சொல்லி முடிக்கிறேன். சாப்பாடு வாய்க்குள் விழுந்த பிறகுதான் சாறு சுரக்கும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படி இல்லை. வாசனை வந்தாலே போதும், தட்டுச் சத்தம் கேட்டாலே போதும், வரப்போகிறது என்று மனது நினைத்தாலே உடம்பு ஆயத்தம் செய்ய ஆரம்பித்துவிடும். இன்று காலை ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நீ வந்தால் ஆஸ்பத்திரிக்கு எந்தப் பாத்திரத்தில் கொண்டுபோவது, உனக்கும் சேர்த்து எவ்வளவு அரிசி போடுவது என்று யோசித்துக்கொண்டே கடுகையும் பெருங்காயத்தையும் போட்டேன். வாயில் தண்ணீர் ஊறியது. இத்தனை நாள் வறண்டு கிடந்த வாயில், என்னைக் கேட்காமல், தானாக ஊறியது. கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன், அதை விழுங்கவும் மனசு வரவில்லை. அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, ரசத்தை மேஜையில் கொண்டுபோய் மூடாமல் வைத்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எழுந்து போய் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆறிவிட்டது. வெள்ளிக்கிழமையும் இதே மாதிரி ஆறவைத்திருப்பேன், நீ வந்து பிசை.

அம்மா